வெந்நீர்க் குழாயும் போர் விமானமும்

மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அப்படியே ஆகட்டும். கடிதத்தின் சாரம் இது:

"இருபத்தாறு வருஷமாகச் செப்புக் கம்பியோடு மல்லுக்கு நிற்கிறவன் நான். என் மகள் எலெக்ட்ரிக்கலில் பி.இ. முடித்துவிட்டு மேல்படிப்பு சேர்ந்தாள். 'கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்' என்று அதற்குப் பெயர். லீவுக்கு வந்தவளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஐயா, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு மோட்டார் படம் இல்லை. ஒரு சுவிட்சு இல்லை. ஒரு ஃப்யூஸ் இல்லை. நாலு கட்டம், அவற்றைச் சுற்றி அம்புக்குறி, அப்புறம் கணக்கு, கணக்கு, மேலும் கணக்கு! 'இதில் கரண்டு எங்கேம்மா?' என்று கேட்டேன். 'கரண்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் அப்பா' என்கிறாள். அவளுக்கும் மனசு சரியில்லை. இரண்டு பேப்பரில் மார்க் குறைந்துவிட்டது. 'எதற்குப் படிக்கிறேன் என்றே தெரியவில்லை, விட்டுவிடலாமா?' என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கடன் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். இது படிப்பா, கண்கட்டு வித்தையா? நாலு பேருக்குப் புரிகிறாற்போல் எழுதுங்கள்."

அன்பரே, முதலில் ஒன்று. உங்கள் மகள் சொன்ன பதில் இருக்கிறதே, அதைப் பரீட்சையில் எழுதியிருந்தால் நான் முழு மார்க் போட்டிருப்பேன். கரண்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பது அந்தப் படிப்பின் பாதி ரகசியம். மீதிப் பாதியை அறிய நேயர்கள் எல்லோருமாகக் குளியலறை வரை வர வேண்டும். தவறாக நினைக்க வேண்டாம். பாடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

வெந்நீர்ப் பாய்லர் மாடியில் இருக்கிறது. நீங்கள் கீழே குழாயடியில், தலையில் சோப்பு நுரையுடன் நிற்கிறீர்கள். தண்ணீர் சில்லென்று வருகிறது. வெந்நீர்த் திருகை ஒரு சுற்றுத் திறக்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு சுற்று. அப்போதும் இல்லை. கோபம் வந்து மூன்றாவது சுற்றும் சுற்றிவிடுகிறீர்கள். அடுத்த கணம் 'ஐயோ!' என்று எட்டிக் குதிக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு திருகைத் தடவிப் பிடித்து மூன்று சுற்றும் மூடுகிறீர்கள். கொதிக்கும் நீர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. பிறகு ஒரேயடியாகப் பனிக்கட்டி! இப்படி ஐந்து நிமிஷம் ஊஞ்சல் ஆடிவிட்டுத்தான் வெளியே வருகிறீர்கள்.

யார் மேல் குற்றம்? பாய்லர் நன்றாக இருக்கிறது. குழாய் நன்றாக இருக்கிறது. உங்கள் தோல் உஷ்ணத்தைச் சரியாகவே சொல்லிற்று. கையும் அது சொன்னபடியே திருகிற்று. ஆனால் திருகியதன் பலன் மாடியிலிருந்து வந்து சேர அரை நிமிஷம் ஆகிறது. அந்த அரை நிமிஷத்துக்குள் நீங்கள் மூன்று திருத்தம் செய்துவிட்டீர்கள். சில்லென்ற தண்ணீருக்காகச் செய்த திருத்தம், தண்ணீர் சுட்டுப் பொசுக்கும் நேரத்தில் வந்து சேருகிறது.

நடந்ததைப் பார்ப்பது, நடக்க வேண்டியதோடு ஒப்பிடுவது, வித்தியாசத்துக்குத் தக்கபடி திருத்துவது, மறுபடியும் பார்ப்பது. இந்தச் சுற்றுக்குத்தான் 'ஃபீட்பேக்' என்று பெயர். பின்னூட்டம் என்று தமிழில் சொல்கிறார்கள். மகளின் நோட்டில் கட்டங்களைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் அம்புக்குறி இதுதான். எவ்வளவு திருத்தலாம், எவ்வளவு வேகமாகத் திருத்தலாம், எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கெல்லாம்.

இப்போது உங்கள் கடைக்கே வருகிறேன். டீசல் ஜெனரேட்டர் ஒன்று 1500 சுற்றில் நிதானமாக ஓட வேண்டியது, 'உம்ம்... உம்... உம்ம்...' என்று ஏறுவதும் இறங்குவதுமாக மூச்சு வாங்குவதைக் கேட்டிருப்பீர்கள். 'ஹன்ட்டிங் ஆகிறது' என்று மெக்கானிக் சொல்வார். கவர்னரைத் திருகச் சொல்வார். (மாளிகையில் இருக்கும் கவர்னர் அல்ல; அவரைத் திருகுவது நம் வேலை இல்லை.) 1788-ல் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்துக்கு வைத்தாரே, அதன் வாரிசுதான் இது. சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் அகன்று உயரும், உயர்ந்தால் நீராவி வரும் வழி சுருங்கும், வேகம் தணியும். மாவு மில்களில் முன்பே இருந்த உபாயத்தைத்தான் வாட் எடுத்துக்கொண்டார். ஆனால் அதன் புகழ் அவருக்கே போயிற்று.

போகப் போக இயந்திரங்கள் பெருத்தன. கவர்னரை இன்னும் கூர்மையாக, இன்னும் உஷாராகச் செய்தார்கள். செய்யச் செய்ய ஒரு விபரீதம்: உஷாரான கவர்னர்தான் அதிகமாக ஊசலாடிற்று! தொட்டதற்கெல்லாம் பாயும் ஆசாமி அல்லவா? ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மின்சாரமும் காந்தமும் ஒளியும் ஒரே குடும்பம் என்று கண்ட மாக்ஸ்வெல் 1868-ல் லண்டன் ராயல் சொஸைட்டிக்குக் 'கவர்னர்கள்' பற்றியே ஒரு கட்டுரை கொடுத்தார். இயந்திரத்தை மறந்துவிடுங்கள், அது இயங்கும் விதத்தைச் சமன்பாடாக எழுதுங்கள், ஒரு சிறு குலுக்கல் தானாக அடங்குமா, பெருகுமா என்று அந்தச் சமன்பாடே சொல்லிவிடும் என்றார். எளிய சமன்பாடுகளுக்கு விடையும் சொன்னார். கடினமானவற்றைக் கணித மேதைகளுக்கு விட்டுவைத்தார். 1877-ல் அந்த முடிச்சை அவிழ்த்தவர் எட்வர்ட் ரௌத். இதில் ஒரு வேடிக்கை: 1854-ல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் ரௌத் முதலாவது, மாக்ஸ்வெல் இரண்டாவது. இரண்டாவதாக வந்தவரைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. இதை மகளிடம் சொல்லுங்கள். மார்க்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

ஆக, மோட்டார் படம் நோட்டிலிருந்து மறைந்தது இன்று நேற்றல்ல.

*

ஆனாலும் இந்தப் படிப்பு எலெக்ட்ரிக்கல் வகுப்பில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு படகுப் பயணம். இந்தக் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல எனக்கு ஆசை.

அமெரிக்காவில் டெலிபோன் கம்பிகள் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை போட்டாயிற்று. நெடுந்தூரம் போகும் குரல் வழியில் தேய்ந்துபோகும். ஆகவே இடையிடையே வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்கள் குரலைப் பெருக்கி அனுப்பும். இங்கேதான் தகராறு. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் குரலைப் பெருக்கும்போது கொஞ்சம் கோணலாக்கியும்விடும். ஒன்றிரண்டு கோணல் பரவாயில்லை. ஒரே கம்பியில் ஆயிரக்கணக்கான பேச்சுகளை அனுப்ப வேண்டும், அதற்காக நூற்றுக்கணக்கான ஆம்ப்ளிஃபயர்களை வரிசையாக வைக்க வேண்டும் என்றால்? நியூயார்க்கில் ஒருவர் பேசுவது மறுகரையில் வாத்துக் கத்துவது போலக் கேட்கும். போதாததற்கு, வால்வுகள் வயதாக ஆகப் பலம் குறையும். காலையில் ஒரு குரல், மாலையில் ஒரு குரல்.

ஹாரால்ட் பிளாக் என்ற இளம் இன்ஜினீயர் 1921-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். எல்லோரும் வால்வைச் செம்மைப்படுத்தப் பாடுபட்டார்கள், அவரும் பாடுபட்டார். பலிக்கவில்லை. 1923-ல் புதிய வழி ஒன்று கண்டார். வெளியே வரும் குரலை உள்ளே போன குரலோடு ஒப்பிட்டு, கோணலை மட்டும் தனியே பிரித்து எடுத்து, அதைக் கழித்துவிடுவது. வேலை செய்தது. ஆனால் மணிக்கொரு தரம், இரவும் பகலும், யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று சரிபார்த்துத் திருக வேண்டியிருந்தது. குழந்தைக்குக் கூட அவ்வளவு கவனிப்பு வேண்டாம்! நான்கு வருஷம் ஓடிற்று.

1927 ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை காலை. நியூ ஜெர்ஸி கரையிலிருந்து ஹட்ஸன் நதியைக் கடந்து வேலைக்குப் போகும் படகில் பிளாக் நின்றுகொண்டிருந்தார். நதி நடுவில் மூளையில் பொறி தட்டிற்று. எழுதக் காகிதம் இல்லை. கையில் அன்றைய 'நியூயார்க் டைம்ஸ்' இருந்தது. அதில் அச்சில்லாத வெற்றுப் பக்கம் ஒன்று அகப்பட்டது. (பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல். நாங்கள் அச்சிட்ட பக்கங்களால் இப்படி ஒரு உபகாரம் உண்டாயிற்றா என்று தெரியவில்லை.) அதில் படம் வரைந்து, சமன்பாடு எழுதி, கையெழுத்தும் போட்டார். இருபது நிமிஷத்தில் வேலை ஸ்தலத்தில் ஒரு சக ஊழியரைச் சாட்சிக் கையெழுத்துப் போடவும் வைத்துவிட்டார்.

அப்படி என்ன எழுதினார்? கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டாதீர்கள், மளிகைக் கணக்கை விட எளிது.

லட்சம் மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வருவதில் நூற்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே போவதிலிருந்து கழித்துவிடுங்கள். உள்ளே ஒரு பங்கு குரல் போனால் வெளியே வருவது லட்சம் அல்ல, 99.9 தான். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.999, திரும்பி வந்து கழிகிறது. மிச்சம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. அதை லட்சத்தால் பெருக்கினால் அதே நூறுக்குப் பக்கம். லட்சத்தை விட்டெறிந்து நூறை வைத்துக்கொள்வதா? பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றும். இப்போது வால்வுக்கு வயதாகிப் பாதி பலம் போய்விட்டது என்று வையுங்கள். லட்சம் ஐம்பதாயிரம் ஆயிற்று. வெளியே வருவது எவ்வளவு? 99.8! உள்ளே சரிபாதி நாசம். வெளியே தெரிவதோ ஆயிரத்தில் ஒரு பங்கு. கோணலும் இதே கதிதான். திருப்பிக் கொண்டுவரும் அந்த நூற்றில் ஒரு பங்கு கச்சிதமாக இருந்தால் போதும். அதற்கு வால்வு வேண்டாம், இரண்டு சாதாரண ரெஸிஸ்டர் போதும்.

டிசம்பர் 29-ம் தேதி சோதனையில் கோணல் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 1928-ல் பேடண்டுக்கு விண்ணப்பம் போட்டார் பிளாக். கைக்கு வந்தது 1937 டிசம்பரில்! ஒன்பது வருஷத்துக்கு மேல். பிரிட்டிஷ் பேடண்ட் ஆபீஸ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஓய்வில்லாமல் தானே ஓடும் இயந்திரம் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு வருவார்களே, அந்த ரகத்தில் இதைச் சேர்த்து, நடத்திக் காட்டு என்றார்கள். வெளியே வந்ததை உள்ளே திருப்பினால் அது ஊளையிடாமல் இருக்குமா என்பதுதான் எல்லோருடைய சந்தேகமும்.

சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே கொண்டுபோனால் 'கீ...' என்று காது கிழிகிறதல்லவா? வெளியே வந்த ஒலி உள்ளே புகுந்து, பெருகி வெளியே வந்து, மறுபடி புகுந்து... பிளாக் செய்தது கழித்தல், கூட்டல் அல்ல என்பது உண்மை. ஆனால் கம்பியிலும் வால்விலும் சுற்றி வர ஒரு தாமதம் உண்டு. மெதுவாக அசையும் ஒலிக்கு அந்தத் தாமதம் பொருட்டில்லை. மிக வேகமாக அதிரும் ஒலிக்கோ, கழிக்க வேண்டியது அரை அலை பிந்திப்போய், ஏற வேண்டிய நேரத்தில் இறங்கி, இறங்க வேண்டிய நேரத்தில் ஏறி, கழித்தலே கூட்டலாகிவிடும்! வெந்நீர்க் குழாய் கதையேதான். அரை நிமிஷத்துக்குப் பதிலாக லட்சத்தில் ஒரு பங்கு விநாடி; அவ்வளவே வித்தியாசம்.

இதற்கு முடிவு சொன்னவர், பதினெட்டாம் வயதில் ஸ்வீடனிலிருந்து பிழைக்கப் போன ஹாரி நைக்விஸ்ட். 1932 ஜனவரியில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. சுற்றை ஓர் இடத்தில் அறுத்துவிடுங்கள். மெதுவான அதிர்வில் தொடங்கி வேகமான அதிர்வு வரை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்தி, எவ்வளவு பெருகி, எவ்வளவு பிந்தி வருகிறது என்று அளந்து, காகிதத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வளைகோடு வரும். அந்தக் கோடு குறிப்பிட்ட ஒரே ஒரு இடத்தைச் சுற்றி வளைக்கிறதா, இல்லையா? அதைப் பார்த்தே, சுற்றை மூடினால் அடங்கி நடக்குமா, ஊளையிடுமா என்று சொல்லிவிடலாம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவே வேண்டாம். நாடி பிடித்து வியாதி சொல்கிற வைத்தியர் மாதிரி!

உங்கள் மகளின் நோட்டில் சங்குச் சுழி போல ஒரு படம் கட்டாயம் இருக்கும். அது இதுதான்.

*

மேல்படிப்பு என்பது இங்கிருந்து ஆரம்பம். சுழி அந்த ஆபத்தான இடத்தைத் தொடாமல் போனால் மட்டும் போதாது, எவ்வளவு தூரம் விலகிப் போகிறது என்பதும் முக்கியம். ரோட்டில் லாரி இடிக்கவில்லை என்பது வேறு, ஒரு முழம் தள்ளிப் போயிற்று என்பது வேறு அல்லவா? அந்த இடைவெளிக்கு 'மார்ஜின்' என்று பெயர். நைக்விஸ்டின் சகாவான ஹென்ட்ரிக் போட் அதை அளக்கச் சொல்லிக் கொடுத்தார். 1945-ல் பெரிய புத்தகமே எழுதினார்.

1960-க்குப் பிறகு புதிய கணிதம் வந்தது. ருடால்ஃப் கால்மன் முதலியோர் தந்த வழியில், எது ஆகச் சிறந்த திருத்தம் என்பதைக் கணக்கே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். சந்திரனுக்குப் போன அப்போலோ வரை அந்தக் கணிதம் கைகொடுத்தது. 'ஆகச் சிறந்தது' என்றால் இடைவெளியும் தாராளமாகத்தான் இருக்கும் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1978-ல் ஜான் டாயில் என்ற இளைஞர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். சிறந்த திருத்தம் என்று நாம் கணக்குப் போட்டு எடுக்கும் இதற்கு உத்தரவாதமான இடைவெளி எவ்வளவு என்பது தலைப்பிலேயே உள்ள கேள்வி. கட்டுரைச் சுருக்கம் மொத்தமே மூன்று வார்த்தை. எதுவும் கிடையாது என்பதுதான் அதன் பொருள். இன்றைக்கும் மாணவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கும் கட்டுரை அது. எனக்குத் தெரிந்தவரை விஞ்ஞானத்தில் இதைவிடச் சிக்கனமான மூக்குடைப்பு இல்லை.

போட் கண்டுபிடித்த இன்னொரு சத்தியம் உண்டு. ஃபீட்பேக்கினால் ஓரிடத்தில் தொந்தரவை அமுக்கினால், இன்னோரிடத்தில் அது கட்டாயம் புடைத்துக்கொண்டு கிளம்பும். 1989 டிசம்பரில் குந்தர் ஸ்டைன் என்ற அமெரிக்க இன்ஜினீயர், போட் பெயரால் நடந்த சொற்பொழிவில் இதைக் குழி வெட்டுகிற ஆளுக்கு ஒப்பிட்டார். எத்தனை ஆழமாக வெட்டினாலும் மண்ணை எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும், மண் மறைந்துபோகாது. இயற்கையாகவே நிலையில்லாத சாதனமாக இருந்தால், கொட்ட வேண்டிய மண் இன்னும் அதிகம். அப்படிப்பட்டவற்றிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்பதே அவர் பேச்சின் தலைப்பு.

நிலையில்லாத சாதனத்தை எவன் செய்வான் என்கிறீர்களா? போர் விமானம் செய்கிறவர்கள் செய்வார்கள். தானாக நேரே பறக்கும் விமானம் திரும்பச் சொன்னாலும் சட்டென்று திரும்பாது. ஆகவே வேண்டுமென்றே நிலையில்லாமல் கட்டிவிட்டு, கம்ப்யூட்டரை வைத்து விநாடிக்குப் பல தடவை திருத்திக்கொண்டே பறக்கச் செய்கிறார்கள். விரல் நுனியில் நிறுத்திய கம்பு மாதிரி. ஸ்வீடன் நாட்டின் 'கிரிப்பன்' விமானம் அந்த ஜாதி.

1989 பிப்ரவரி 2-ம் தேதி அதன் முதல் மாதிரி, ஆறாவது முறை பறந்துவிட்டு லிங்க்‌ஷோப்பிங்கில் இறங்கும்போது தத்தளித்து, தரையில் மோதிப் புரண்டது. விமானி லார்ஸ் ராடெஸ்ட்ரம் காயத்தோடு தப்பினார். கம்ப்யூட்டரின் திருத்தல் விதிகளைப் பழுதுபார்த்தார்கள். 1993 ஆகஸ்ட் 8-ம் தேதி ஸ்டாக்ஹோமில் நீர்த் திருவிழா. ஆயிரமாயிரமாய் ஜனங்கள் கரையிலும் பாலத்திலும் கூடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே ராடெஸ்ட்ரம், இன்னொரு கிரிப்பன். தாழப் பறந்து வளைந்தவர் விமானத்தை நேராக்கக் கைப்பிடியைச் சட்டென்று அசைத்தார். இறக்கைத் தகடுகளை அசைக்கும் யந்திரத்துக்கு ஒரு வேக வரம்பு உண்டு. விமானியும் கேட்கிறார், கம்ப்யூட்டரும் கேட்கிறது. இரண்டும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிட்டன. தகடு பிந்திற்று. விமானம் தாம் நினைத்தபடி அசையவில்லையே என்று விமானி எதிர்ப்பக்கம் இழுத்தார். முந்திக் கேட்டதன் பலன் அப்போதுதான் வந்து சேர்ந்தது. மறுபடி எதிர்ப்பக்கம். அடுத்ததும் பிந்திற்று. கைப்பிடியை அசைக்க அசைக்க ஊசலாட்டம் அடங்கவில்லை, பெருகிற்று.

நேயர்களே, சோப்பு நுரையுடன் குழாயடியில் நின்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்தது. விமானி இருக்கையோடு வெளியே எகிறிக் குதித்தார். ஆளில்லாத விமானம் அவ்வளவு பெரிய கூட்டத்தை விட்டுவிட்டு, லாங்ஹோல்மன் தீவில் மரங்களுக்கிடையே விழுந்து எரிந்தது. ஓர் உயிரும் போகவில்லை. கடவுள் கிருபை என்பவர்கள் என்னட்டும். எதேச்சை என்பவர்கள் என்னட்டும்.

என்னை உறுத்துவது அதற்கப்புறம் நடந்த விசாரணையில் வெளிவந்த சங்கதி. கைப்பிடியை வேகமாகவும் பலமாகவும் அசைத்தால் இப்படி ஊசலாட்டம் பெருகக்கூடும் என்பது செய்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் முன்பே தெரியும். நடப்பதற்கு வாய்ப்பு மிகச் சொற்பம் என்று எண்ணி, விமானிகளிடம் சொல்லாமல் விட்டிருந்தார்கள். கணக்கு தெரியாமல் விழுந்த விமானம் அல்ல அது. கணக்கு சொன்னதை அலட்சியம் செய்ததால் விழுந்தது. பிறகு அந்தத் தாமதத்தை ஈடுகட்டும் வழியைக் கண்டு கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள். இன்று பல நாடுகளில் அந்த ஜாதி விமானங்கள் பறக்கின்றன.

போர் விமானம் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தானே இன்சுலின் அளந்து கொடுக்கும் சாதனம் வந்திருக்கிறதல்லவா? அமெரிக்காவில் 2016-ல் முதல் முதலாக அதை அனுமதித்தார்கள். தோலில் பதித்த உணர்கருவி சர்க்கரையைச் சொல்லும். இடுப்பிலுள்ள பம்பு மருந்தைச் செலுத்தும். நடுவே அதே அம்புக்குறிச் சுற்று. ஆனால் தோலுக்கடியில் போன இன்சுலின் முழு வீச்சில் வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம். சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று பம்பு அவசரப்பட்டு மேலே மேலே ஊற்றினால், எல்லாம் சேர்ந்து வேலை செய்யும்போது நோயாளி மயங்கி விழுவார். விமானத்தில் விநாடிக் கணக்கு, இங்கே மணிக் கணக்கு. சமன்பாடு ஒரே குடும்பம். இதில் கரண்டு எங்கே என்று கேட்டால், பம்புக்குள் ஒரு சின்ன பாட்டரி, அவ்வளவுதான். மகள் சொன்னது சரிதானே?

அன்பரே, விடலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? கடன் உங்களுடையது, தலைவலி அவளுடையது. ஆனால் கண்கட்டு வித்தை இல்லை என்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இந்த லீவு முடிவதற்குள் ஒரு காரியம் செய்து பாருங்கள்.

கடையில் மூச்சு வாங்கும் ஜெனரேட்டர் வந்தால் மகளைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படித் திருகுவீர்கள்? கவர்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மையாக்கிக்கொண்டே போவீர்கள். ஓரிடத்தில் ஏறி இறங்கத் தொடங்கும். 'ஆகா, அதிகம்' என்று பின்னுக்குத் திருகுவீர்கள். எவ்வளவு பின்னுக்கு? உங்கள் காது சொல்லும். 1942-ல் அமெரிக்காவில் ஸீக்லர், நிக்கல்ஸ் என்ற இரண்டு பேர் இதையே விதியாக எழுதி வைத்தார்கள். கூட்டிக்கொண்டே போய், பெருகவும் செய்யாமல் அடங்கவும் செய்யாமல் ஒரே சீராக ஊசலாடும் இடத்தைக் கண்டுபிடி. அங்கே கூர்மை எவ்வளவு, ஓர் ஊசலுக்கு எத்தனை விநாடி என்று குறித்துக்கொள். பிறகு அந்தக் கூர்மையில் பாதியில் வை. ஆலைகளில் இன்றும் இதிலிருந்துதான் பலர் ஆரம்பிக்கிறார்கள். இந்த இரண்டு பெயரும் அவள் நோட்டில் நிச்சயம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு அட்டவணையும் இருக்கும்.

நீங்கள் காதால் திருகுங்கள். அவள் கையில் கடிகாரத்தைக் கொடுத்து ஊசலை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக் கணக்குப் போட்டு அவள் எந்த இடத்தைச் சொல்கிறாள், உங்கள் கை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.